ஆண்களுக்கு மார்பகம் பெருத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

ஆண்களுக்கு மார்பகம் பெருப்பது மிகப் பரவலான ஒன்று. ஆயினும் அதைப் பற்றி வீட்டிலோ நண்பர்களிடமோ வாய் திறந்து பேசுபவர்கள் மிகக் குறைவு. பேசாமல் மறைப்பதால் சிலர் தேவையான பரிசோதனையைப் பல ஆண்டுகள் தள்ளிப் போடுகிறார்கள். வேறு சிலர் தானாக மறையக்கூடிய ஒன்றுக்கு அவசரப்பட்டு அறுவை செய்துகொள்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் வெட்கமே. வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவ உண்மைகளைக் கொண்டு முடிவெடுக்க உதவ வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இது சரியாக என்ன? ஆணின் உடலில் மார்பகம் எப்படி வளர்கிறது?

ஆண், பெண் இருபாலருக்கும் பிறக்கும்போதே முலைக்காம்புக்குப் பின்னால் சிறிதளவு பால்சுரப்பித் திசு இருக்கிறது. பெண்களிடம் அது பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்கிறது. ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் அதை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. ஆண்களின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் இயல்பாகவே உண்டு. கொழுப்பு உள்ளிட்ட திசுக்களில் இருக்கும் அரோமட்டேஸ் என்னும் நொதி, டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாயும்போது சுரப்பித் திசு வளரத் தொடங்குகிறது. இதற்கு மருத்துவத்தில் கைனகோமாஸ்டியா என்று பெயர். பெண், மார்பு என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவான பெயர் அது. பெயர் அப்படி இருப்பதால் ஒருவருடைய ஆண்மையோ, பாலின அடையாளமோ, குழந்தை பெறும் திறனோ குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை.

எனக்கு இருப்பது சுரப்பியா, வெறும் கொழுப்பா என்பதை எப்படி அறிவது?

மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர், பொதுவாக மருத்துவர், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்து, மெல்ல அழுத்தியபடி காம்பை நோக்கிக் கொண்டுவருவார். சுரப்பி வளர்ந்திருந்தால் காம்புக்கு நேர் பின்னால் ரப்பர் போன்ற, சற்றே கெட்டியான, வட்டத் தட்டு போன்ற ஒன்று விரல்களுக்கு இடையே தட்டுப்படும். கொழுப்பு மட்டும் இருந்தால் விரல்கள் காம்புவரை தடையின்றிச் சேர்ந்துவிடும். பஞ்சு போல மென்மையாக இருக்கும், தனியாக எதுவும் கைக்கு அகப்படாது. பின்னதைப் போலி மார்பகப் பெருக்கம் என்பார்கள். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். ஏனென்றால் எடையைக் குறைத்தால் கொழுப்பு குறையும், சுரப்பி குறையாது.

பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருக்கிறது, பாலும் வருகிறது. என்ன செய்வது?

ஒன்றும் செய்யக் கூடாது என்பதே பதில். தாயின் ஈஸ்ட்ரோஜன் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்றிருப்பதால், ஆண் பெண் வேறுபாடின்றிப் பெரும்பாலான பச்சிளம் குழந்தைகளுக்கு மார்பு சற்று வீங்கியிருக்கும். சிலருக்குப் பால் போன்ற துளிகளும் கசியும். சில வாரங்களில் அது தானாக வடிந்துவிடும். குளிப்பாட்டும்போது அந்தப் பாலைப் பிழிந்து எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அன்போடுதான் செய்கிறார்கள் என்றாலும், பிழிவதால் கிருமி உள்ளே புகுந்து சீழ்க்கட்டி உண்டாகலாம். பிறகு அதைக் கீறிச் சீழை எடுக்க வேண்டிய நிலையும் வரலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது அவசியம். மார்பு சிவந்து சூடாக இருந்தாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தாலோ அன்றே குழந்தைகள் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஒரு பக்கம் மட்டும் காம்புக்குப் பின்னால் கட்டி போல இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான். பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆய்வுக்கு ஆய்வு அளவு மாறினாலும், பருவ வயதுச் சிறுவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஓரளவில் இது வருகிறது என்று கொள்ளலாம். பதின்மூன்று, பதினான்கு வயதில் இது உச்சத்தில் இருக்கும். அந்த வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெரியவர்களின் அளவை எட்டுவதற்கு முன்பே ஈஸ்ட்ரோஜன் உயர்ந்துவிடுவதால், சிறிது காலம் விகிதம் தடுமாறுகிறது. ஒரு பக்கம் முதலில் தொடங்கி மறுபக்கம் பின்னால் தொடரலாம். இரண்டும் ஒரே அளவில் இல்லாமலும் இருக்கலாம். சட்டை உரசினாலே வலிக்கும் அளவுக்குக் கூச்சம் இருப்பதும் இந்தக் கட்டத்தில் இயல்பு. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இது தானாக மறைந்துவிடுகிறது. பதினேழு வயதுக்குப் பிறகும் நீடிப்பது சிலருக்கு மட்டுமே.

இருந்தாலும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. அவர் மார்பை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது. விரைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பருவ வளர்ச்சிக்கு ஏற்ற அளவில் விரைகள் வளராமல் சிறியவையாகவும் கெட்டியாகவும் இருந்தால் கிளைன்ஃபெல்ட்டர் என்னும் பிறவிக் குரோமோசோம் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ அறுநூறு பேரில் ஒருவர் கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கிறார்; பலருக்கு அது திருமணமாகிக் குழந்தை இல்லாமல் பரிசோதிக்கும் வரை தெரிவதே இல்லை. மார்பகப் பெருக்கம் என்ற வெளிப்படையான அறிகுறி, அதைப் பதின்ம வயதிலேயே கண்டறிய ஒரு வாய்ப்பைத் தருகிறது. பருவ மாற்றங்கள் தொடங்குவதற்கு முன்பே, அதாவது எட்டு ஒன்பது வயதுப் பையனுக்கு மார்பு வளர்ந்தால், அதைப் பருவ வயது வளர்ச்சி என்று விட்டுவிடாமல் உடனே ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அவன் யாரிடமும் பேசுவதில்லை, விளையாடப் போவதில்லை, எப்போதும் இரண்டு சட்டை போட்டுக்கொள்கிறான். நாங்கள் எப்படிப் பேச்சை எடுப்பது?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்கு அதிக கவனம் தேவை என்பது என் கருத்து. பம்புசெட்டில் குளிக்க நண்பர்கள் கூப்பிடும்போது காரணம் சொல்லித் தவிர்ப்பது, விளையாட்டு நேரத்தில் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பது, கூன் போட்டு நடப்பது, திருச்செந்தூர் போல ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே செல்ல வேண்டிய கோயில்களுக்குக் குடும்பத்தோடு வர மறுப்பது ஆகியவற்றைப் பெற்றோர் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறார்கள். பள்ளியில் அவன் கேட்கும் கேலிச் சொற்களை அவன் வீட்டில் ஒருபோதும் சொல்ல மாட்டான்.

பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். தந்தையோ, அவன் நெருக்கமாகப் பழகும் மாமாவோ, சித்தப்பாவோ தனியாக அழைத்து, இது பாதிப் பையன்களுக்கு வருவது, தனக்கும் அந்த வயதில் இருந்திருந்தால் அதையும் சேர்த்து, சாதாரணமாகச் சொல்லட்டும். "உடம்பைக் குறை, எல்லாம் சரியாகிவிடும்" என்று தொடங்க வேண்டாம். ஒல்லியான பையன்களுக்கும் இது வருகிறது, மேலும் அந்தச் சொல் குற்றத்தை அவன் மேலேயே சுமத்துகிறது. மருத்துவரிடம் செல்லும்போது, பரிசோதனையின் ஒரு பகுதியில் பெற்றோர் வெளியே இருப்பது அவனுக்குப் பேச இடம் கொடுக்கும். அவன் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போக மறுத்து ஒடுங்கிவிட்டால், மார்பு மறையும் வரை காத்திருக்கலாம் என்ற பொதுவான ஆலோசனை அவனுக்கு மட்டும் போதுமானதாக இருக்காது. மனநல ஆலோசனையும் உடன் வேண்டும்.

பிராய்லர் கோழி சாப்பிடுவதால் வருகிறதா? சோயா, பால், புரதப் பவுடர்?

தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் வளர்வதற்குக் காரணம் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனமும் செறிவூட்டப்பட்ட தீவனமும்தான். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஹார்மோன் ஊசி போடுவது பண்ணைக்குக் கட்டுப்படியாகக்கூடிய வேலையும் அன்று. கோழிக்கறி சாப்பிட்டதால் சிறுவர்களுக்கு மார்பு வளர்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இயல்பான அளவில் சோயா சாப்பிடுவதாலும் இது வருவதில்லை. பாலிலிருந்து எடுக்கப்படும் வே புரதத்தில் மார்பகத்தை வளர்க்கும் எதுவும் கிடையாது. ஆனால், லேபிளில் எழுதாத ஸ்டீராய்டு கலந்து விற்கப்படும் பவுடர்களும் மாத்திரைகளும் சந்தையில் உண்டு என்பதால், எங்கிருந்து வாங்குகிறோம் என்பதில் எச்சரிக்கை தேவை.

ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்டேன்; இப்போது மார்பு வலிக்கிறது. மீண்டும் பழைய நிலைக்கு வருமா?

உடலைப் பெருக்க வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனையோ அதைப் போன்ற அனபாலிக் ஸ்டீராய்டுகளையோ செலுத்தும்போது, உடல் அதன் உபரியை அரோமட்டேஸ் மூலம் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போட்ட ஊசி மார்பகத்தை வளர்ப்பது இப்படித்தான். இன்னொரு பக்கம், வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருப்பதால் மூளையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு உற்பத்தி குறைகிறது. ஊசியை நிறுத்தியதும் சொந்த டெஸ்டோஸ்டிரோன் மீண்டும் எழும்பப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியிலும் மார்பகம் வளர வாய்ப்புண்டு.

வலியும் வீக்கமும் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தால், ஊசியை நிறுத்தி ஹார்மோன் மருத்துவரைப் பார்த்தால் திசு சுருங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் அது நார்த்திசுவாக இறுகிவிடும்; பிறகு எந்த மாத்திரைக்கும் கரையாது. பயிற்சியாளர் சொன்னார் என்று ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரைகளை நீங்களே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. என்ன ஊசி, எவ்வளவு காலம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அந்தத் தகவலைக் கொண்டுதான் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும்.

வேறு எந்த மருந்துகளால் இது வரலாம்?

இதய நோய்க்கும் கல்லீரல் நோயில் வயிற்றில் நீர் கோப்பதற்கும் கொடுக்கப்படும் ஸ்பைரனோலாக்டோன் இவற்றில் முதன்மையானது. முடி உதிர்வுக்கும் பிராஸ்டேட் வீக்கத்துக்கும் தரப்படும் ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு; பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் மாத்திரை; வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடின்; மனநல மருத்துவத்தில் ரிஸ்பெரிடோன்; எச்.ஐ.வி. சிகிச்சையில் எஃபாவிரென்ஸ், பிராஸ்டேட் புற்றுநோய்க்கான பைகலூட்டமைடு ஆகியவையும் இதை உண்டாக்கலாம். பைகலூட்டமைடு தொடங்கும் நோயாளிகளுக்கு மார்பு வலியையும் வளர்ச்சியையும் தடுக்க, முன்கூட்டியே சிறிய அளவு கதிர்வீச்சோ டமாக்ஸிஃபென் மாத்திரையோ கொடுக்கும் வழக்கமும் உண்டு. தொடர்ந்து அதிகமாகக் குடிப்பதும் விரைகளையும் கல்லீரலையும் ஒருசேரக் கெடுப்பதன் மூலம் இதற்கு வழி வகுக்கிறது.

மருந்துதான் காரணம் என்று தோன்றினாலும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதய மருந்தையோ மனநல மருந்தையோ திடீரென்று நிறுத்துவதால் வரும் கேடு, மார்பு பெருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. ஸ்பைரனோலாக்டோனுக்குப் பதிலாக எப்ளரினோன் போன்ற மாற்றுகள் இருக்கின்றன. எழுதிக் கொடுத்த மருத்துவரே மாற்றித் தரலாம்.

எனக்கு அறுபது வயது. இந்த வயதில் ஏன்?

ஐம்பதுக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் மெல்லக் குறைகிறது, உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வயதான ஆண்களிடம் மார்பகப் பெருக்கத்தை உண்டாக்குகின்றன. கல்லீரல் சுருக்கம், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு மிகையாகச் சுரப்பது போன்றவையும் இந்த வயதில் காரணமாக இருக்கலாம். ஆகவே நடுத்தர வயதுக்குப் பிறகு புதிதாக மார்பு வளர்ந்தால் பரிசோதனை இல்லாமல் விட்டுவிடக் கூடாது.

இது புற்றுநோயாக இருக்குமா?

கைனகோமாஸ்டியா புற்றுநோய் அன்று. ஆனால் ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருகிறது. மொத்த மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று ஆண்களுடையது. கட்டி கல் போல் கெட்டியாக இருப்பது, காம்புக்கு நேர் பின்னால் இல்லாமல் ஒரு பக்கமாக விலகி இருப்பது, வயது வந்தவருக்கு ஒரு மார்பில் மட்டும் இருப்பது, வலியின்றி வளர்வது, தோல் உள்ளே இழுக்கப்பட்டு ஆரஞ்சுத் தோல் போலக் குழிவது, காம்பு உள்வாங்குவது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிவது, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் சில நாட்களுக்குள் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணு மாற்றம் ஆண்களுக்கும் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. ஆண்களுக்கு இந்த நோய் வராது என்ற எண்ணத்தால் தாமதமாக வந்து சேர்பவர்கள் உண்டு என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னென்ன பரிசோதனைகள் தேவைப்படும்? எந்த மருத்துவரிடம் போவது?

முதலில் பொது மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ செல்லுங்கள். நேராக அழகுச் சிகிச்சை மையத்துக்குச் செல்ல வேண்டாம். பருவ வயதில் எல்லாம் இயல்பாக இருக்கும் பையனுக்கு இரத்தப் பரிசோதனையே தேவைப்படாமல் போகலாம். பெரியவர்களுக்குக் காரணம் வெளிப்படையாகத் தெரியாதபோது டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஸ்ட்ராடியால், புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றோடு பீட்டா எச்.சி.ஜி. என்ற பரிசோதனையும் செய்யப்படும். கருத்தரித்த பெண்களுக்குச் செய்யும் அதே பரிசோதனை ஆணுக்கு ஏன் என்று ஆய்வகத்தில் சிலர் திகைப்பதுண்டு. விரையில் தோன்றும் சில கட்டிகள் அந்த ஹார்மோனைச் சுரந்து மார்பகத்தை வளர்க்கின்றன என்பதே காரணம். அது உயர்ந்திருந்தாலோ, விரையில் கட்டி தட்டுப்பட்டாலோ விரைப்பையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கப்படும். இளைஞர்களிடம் வரும் விரைப் புற்றுநோய் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகக்கூடியது. மார்பு பெருத்தது சிலருக்கு அதன் முதல் அறிகுறியாக அமைகிறது.

மாத்திரையால் குணமாகுமா?

தொடக்கத்தில் மட்டும், அதுவும் சிலருக்கு. டமாக்ஸிஃபென் என்னும் மாத்திரை மார்பகத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைத் தடுக்கிறது. வலியும் வேகமான வளர்ச்சியும் இருக்கும் முதல் சில மாதங்களில், ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை, மூன்று முதல் ஆறு மாதங்கள் கொடுத்தால் வலி குறைந்து வீக்கமும் சுருங்குவதைக் காண முடிகிறது. இந்தப் பயன்பாட்டுக்கென்று முறையாக அங்கீகரிக்கப்பட்ட மருந்து அன்று இது. மருத்துவர் தம் அனுபவத்தைக் கொண்டு எழுதுவது. இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து சிறிதளவு உண்டு. அரோமட்டேஸைத் தடுக்கும் அனஸ்ட்ரோசோல் கோட்பாட்டளவில் பொருத்தமாகத் தோன்றினாலும், பருவ வயதுச் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவான பலன் தரவில்லை.

களிம்புகள், எண்ணெய்கள், முப்பது நாளில் தட்டையாக்கும் என்று இணையத்தில் விளம்பரமாகும் கேப்ஸ்யூல்கள் எதுவும் இறுகிப்போன சுரப்பியைக் கரைப்பதில்லை. நெஞ்சுக்கான உடற்பயிற்சியும் சுரப்பியைக் குறைக்காது. அடியில் உள்ள தசை பருத்து, மேலே உள்ள திசுவை இன்னும் முன்னால் தள்ளவும் கூடும். உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைப்பது எப்படியும் நல்லது. கொழுப்பும் குறையும், அரோமட்டேஸும் குறையும், பின்னர் அறுவை தேவைப்பட்டாலும் சிறிய அறுவையே போதுமானதாகும்.

அறுவைச் சிகிச்சை எப்போது?

காரணம் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்ட பின்பும், ஓராண்டுக்கு மேலாக மாற்றமின்றி நீடித்தாலோ, மனத்தை அழுத்தினாலோ அறுவை செய்யலாம். பதின்ம வயதினருக்குப் பருவ வளர்ச்சி ஏறத்தாழ முடியும் வரை காத்திருப்பதே சரி. முன்னதாகச் செய்தால் எஞ்சிய திசு மீண்டும் வளரலாம். ஆண் மார்பகத்தைக் குறைக்கும் அறுவை ஒன்றும் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏஜினாவின் பவுல் என்ற கிரேக்க மருத்துவரே மார்புக்குக் கீழே பிறை வடிவில் கீறிச் செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார்.

அறுவை எப்படி நடக்கிறது? லைப்போசக்‌ஷன் மட்டும் போதாதா?

1973இல் சைமன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த படிநிலைகளையே இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். முதல் படியில் சிறிய வீக்கம் மட்டும் இருக்கும், தோல் தொங்காது. இரண்டாம் படியில் நடுத்தர வீக்கம்; அதில் தோல் மிகையில்லாதது ஏ, மிகையுள்ளது பி. மூன்றாம் படியில் பெரிய வீக்கமும் தொங்கும் தோலும் சேர்ந்திருக்கும். கிரேடு டூ, கிரேடு த்ரீ என்று மருத்துவர் சொல்வது இதைத்தான்.

முதல் இரண்டு படிகளில் பெரும்பாலும் இரண்டு வேலைகள் சேர்த்துச் செய்யப்படுகின்றன. மார்பின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் துளையிட்டு, உப்பு நீரும் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த திரவத்தைச் செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள்; லைப்போசக்‌ஷன் என்பது இதுதான். பிறகு காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரை வட்டமாகக் கீறி, சுரப்பியைத் தனியாக அறுத்து எடுப்பார்கள். நிறம் மாறும் எல்லைக் கோட்டிலேயே கீறல் அமைவதால் தழும்பு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கீறலை 1946இல் வெப்ஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் விவரித்தார். சுரப்பி ரப்பர் போன்று இறுக்கமானது என்பதால் குழாய் அதை முழுமையாக உறிஞ்சாது. லைப்போசக்‌ஷன் மட்டும் செய்துகொண்ட சிலருக்குச் சுற்றிலும் தட்டையாகி, காம்பு மட்டும் மொட்டு போல் துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான். அதே சமயம் காம்புக்குப் பின்னால் உள்ள அனைத்தையும் சுரண்டி எடுத்துவிட்டால் அந்த இடம் தட்டு போலக் குழிந்துவிடும். ஆகவே ஒரு மெல்லிய அடுக்கை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதைச் சரியாகக் கணிப்பதில்தான் இந்த அறுவையின் திறமை முழுவதும் இருக்கிறது.

மூன்றாம் படியில் மிகைத் தோலையும் வெட்டி நீக்கிக் காம்பை மேலே நகர்த்த வேண்டியிருக்கும். தழும்பு நீளமாகவும் தெளிவாகவும் இருக்கும். உடல் எடையை மிக அதிகமாகக் குறைத்தவர்களுக்கு இது பொருந்தும். பொதுவாக அறுவை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நடக்கும். பலர் அன்று மாலையோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவார்கள்.

அறுவைக்குப் பின் என்ன எதிர்பார்க்கலாம்?

இறுக்கமான அழுத்த உடையை நான்கு முதல் ஆறு வாரங்கள், முதலில் இரவும் பகலும், அணிய வேண்டும். நம் ஊர் வெயிலில் இது எளிதன்று. வேர்க்குரு வரும், அரிக்கும், அவிழ்த்துவிடத் தோன்றும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் சித்திரை, வைகாசியைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ள இரண்டு உடைகள் வாங்கிக்கொள்ளுங்கள். மேசை வேலைக்கு ஒரு வாரத்துக்குள் திரும்பலாம். பைக் ஓட்டுவதற்கும் கையைத் தூக்கிச் செய்யும் வேலைகளுக்கும் மருத்துவரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். பளு தூக்குதல் ஒரு மாதத்துக்குப் பிறகே. காம்பைச் சுற்றி மரத்துப்போனது போன்ற உணர்வு பல மாதங்கள் நீடிக்கலாம். இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும்; இரண்டாம் வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், அது வீக்கம்.

சிக்கல்களில் அதிகம் காணப்படுவது உள்ளே இரத்தம் தேங்குவது. முதல் இரண்டு நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி உப்பி வலித்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நிணநீர் தேங்குவது, தொற்று, இரு பக்கமும் சமமின்றி அமைவது, தழும்பு தடித்துக் கீலாய்டாக மாறுவது, மிக அரிதாகக் காம்பு இரத்த ஓட்டமின்றிக் கருகுவது ஆகியவையும் நேரலாம். புகைபிடிப்பவர்கள் அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தினால் புண் ஆறுவது எளிதாகும்.

அறுவை மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்று நேரடியாகக் கேளுங்கள். சுரப்பியையும் எடுப்பீர்களா, மயக்க மருத்துவர் உடன் இருப்பாரா, இரவில் இரத்தக் கசிவு ஏற்பட்டால் எங்கே வருவது, கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது உத்தமம். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது. பணம் இல்லை என்பதற்காக ஆலோசனையே கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் கிடைக்குமா? ராணுவத்தில் சேரத் தடையாகுமா?

இந்தியாவில் காப்பீட்டுத் திட்டங்களின் பொதுவான விலக்குகளில் அழகுக்கான சிகிச்சையும் ஒன்று. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்து உள்ளது என்று மருத்துவர் சான்றளிக்கும் சிகிச்சைக்கும் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே மார்பகப் பெருக்க அறுவைக்கான கோரிக்கைகள் பெரும்பாலும் மறுக்கப்படுகின்றன. அறுவைக்கு முன்பே எழுத்து மூலம் ஒப்புதல் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.

ராணுவம், துணை ராணுவப் படைகளின் உடற்தகுதித் தேர்வில் இது தகுதியின்மைக்குக் காரணமாகக் கொள்ளப்படுவதுண்டு. அறுவை செய்துகொண்டவர்களுக்கும் புண் முழுமையாக ஆறக் காலம் வேண்டும் என்பதால், தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன் அவசரமாகச் செய்துகொள்ளாமல், அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டும்.

எடுத்த பிறகு மீண்டும் வருமா?

சுரப்பி முறையாக எடுக்கப்பட்டு, காரணமும் நீங்கியிருந்தால் பெரும்பாலும் வருவதில்லை. மீண்டும் ஸ்டீராய்டு ஊசி போட்டாலோ, காரணமான மருந்து தொடர்ந்தாலோ, எடை மிகவும் கூடினாலோ வரலாம். அறுவையில் எடுத்த திசுவை நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் எதிர்பாராத எதுவும் இருப்பது மிக அரிது என்றாலும், இருந்தால் அது நுண்ணோக்கியில் மட்டுமே தெரியவரும். அந்த அறிக்கை வருவதற்கு ஒரு வாரம் வரை ஆகலாம். தையல் பிரிக்கச் செல்லும் நாளில் அதைக் கேட்டு வாங்கி, படித்துப் பொருள் சொல்லச் செய்து, மற்ற மருத்துவப் பதிவுகளோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.